நனைந்ததும் வளர்ந்த ஸ்வெட்டர்

கோவில்பட்டியில் ஸ்வெட்டர் பின்னுகிறவளை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆவணி மாதத்து மத்தியானம். மின்விசிறி அனல் காற்றையே திரும்பத் திரும்பக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஒருத்தி மடி நிறைய உல்லன் நூலைப் போட்டுக்கொண்டு இரண்டு ஊசிகளோடு மல்லுக்கட்டினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? விரல் வேர்த்து நூல் ஊசியோடு ஒட்டிக்கொள்ளும். நாலு கண்ணி பின்னுவதற்குள் கையைச் சேலையில் துடைக்க வேண்டும். உறை மோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எக்கா, யாருக்கு இது? வெயிலுக்கா?"

"எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் பிள்ளைக்கு. டெல்லிக்கு மாத்தலாகிப் போறாவ," என்றேன்.

பச்சைப் பொய். எங்கள் பள்ளியிலிருந்து யாரும் டெல்லிக்குப் போகவில்லை. போன மாதம் ஒருவர் பக்கத்தில் இருக்கிற கயத்தாறுக்குப் போனார், அவ்வளவுதான். ஆனாலும் அதைச் சத்தமாகவே சொன்னேன். உள் அறையில் படுத்திருந்த என் தங்கையின் காதில் அது விழ வேண்டும்.

அவளுக்கு அப்போது எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா இல்லாததால் பிரசவத்துக்கு அவள் வந்து இறங்கிய தாய்வீடு என் வீடுதான். அவள் வீட்டுக்காரர் குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். சித்திரையிலும் கம்பளி போர்த்திப் படுக்கிற ஊர். ஐப்பசியில் பிள்ளை பிறந்து, தை மாதக் குளிரில் அந்த மலைக்குத் திரும்பிப் போகும்போது ஒரு ஸ்வெட்டராவது இருக்க வேண்டாமா? அதை ஏன் ஒளித்துச் செய்ய வேண்டும் என்று கேட்டால், அதற்கு முந்தைய கதையைச் சொல்ல வேண்டும்.

இது அவளுக்கு இரண்டாவது. முதலாவது எட்டாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. அந்தத் தடவை நான் தலைகால் தெரியாமல் ஆடினேன். ஐந்தாம் மாதமே கடைத்தெருவில் இறங்கி, கொசுவலை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தலையணை, பொத்தான் வைத்த குட்டிச் சட்டைகள் என்று பீரோவில் ஒரு தட்டையே நிரப்பிவிட்டேன். பிள்ளை பிறக்கும் முன்னால் புதிதாக எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்த பிள்ளையைப் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் முதலில் சுற்றுவோம். புதுசெல்லாம் பிறகு. எனக்கு அந்த வழக்கம் தெரியும். தெரிந்தும் வாங்கினேன். எல்லாம் முடிந்த பிறகு ஆறுதல் சொல்ல வந்த ஒருத்தி, "முன்னாடியே வாங்கி வச்சா இப்படித்தான் ஆகும்," என்று என் தங்கையை வைத்துக்கொண்டே சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த காப்பியை இறக்கி வைத்துவிட்டு, அவளை வெறும் வாயோடு வழியனுப்பினேன். டாக்டர் சொன்ன காரணம் முற்றிலும் வேறு. சகுனம், சாங்கியம் எதையும் நான் நம்புகிறவள் இல்லை. நம்பாதவளுக்கும் பயம் உண்டு என்பதை மட்டும் இந்த இரண்டாவது தடவை கண்டுகொண்டேன்.

ஆகவே இந்தத் தடவை யாரும் எதையும் வாங்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. என் தங்கை வாயிலிருந்து பிள்ளை என்ற சொல்லே வரவில்லை. மாத்திரை போடச் சொன்னால் போடுவாள். நடக்கச் சொன்னால் கூடத்துக்குள்ளேயே நடப்பாள். முருங்கைக்கீரையைக் கிண்ணத்தோடு வழித்துச் சாப்பிடுவாள். ஆனால் ஐப்பசிக்கு அப்பால் ஒரு நாள் இருக்கிறது என்பதுபோலவே அவள் பேசமாட்டாள். தை மாதம் திரும்பிப் போக டிக்கெட் எடுக்கட்டுமா என்று அவள் வீட்டுக்காரர் போனில் கேட்டால், "பாக்கலாம்," என்பாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையை இப்போதே எடுத்துவையுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார்கள். வந்ததும் ஒரு பையை எடுத்து அறை மூலையில் வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள். உள்ளே ஒன்றும் இல்லை. வீடு கூட்டும்போது நான் அதை நகர்த்திப் பார்ப்பேன். நாளுக்கு நாள் அப்படியே லேசாக இருக்கும். வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளிலும் இவள் அந்தக் காலிப் பையோடுதான் போவாளோ என்று நினைத்துக்கொள்வேன்.

பின்னல் நான் கற்றதும் அவள் பக்கத்தில் இருந்துதான். முதல் பிள்ளை போன பிறகு விடுமுறையில் குன்னூருக்குப் போய் அவளோடு தங்கியிருந்தேன். அவள் பேசமாட்டாள். நானோ பேசாமல் இருக்கத் தெரியாதவள். கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்ணிடம் இரண்டு ஊசி வாங்கி உட்கார்ந்தேன். தங்கை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கண்ணியை எண்ணிக்கொண்டிருப்பேன். அதுவே எங்களுக்கு ஒரு பேச்சு மாதிரி ஆயிற்று.

இப்போது கத்தரிப்பூ நிறத்தில் நூல் வரவழைத்து, யூடியூப் வீடியோ ஒன்றைப் பார்த்து வேலையை ஆரம்பித்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவர் நூற்பாலையில் மேஸ்திரி. ஆலையிலிருந்து வந்ததும் சட்டையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் என் பின்னலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"எவ்வளவு அகலம் வச்சிருக்க?"

"ஒம்பது இஞ்ச். பொறந்த பிள்ளைக்கு அதான் அளவாம்."

"நனைச்சா சுருங்காதா?"

"வீடியோவுல அப்படி ஒண்ணும் சொல்லலையே."

"வீடியோக்காரிக்கு நூலைப் பத்தி என்ன தெரியும்? முப்பது வருசமா நூலுக்குள்ளயே கெடக்கேன். நூலுன்னா நனைஞ்சா சுருங்கும்ட்டி. ரெண்டு இஞ்ச் கூட விடு."

அவரையும் குறை சொல்ல முடியாது. நாங்கள் பருத்தி மண்ணின் ஆட்கள். எங்களில் எந்தப் பெண்ணும் ரவிக்கைத் துணியை வாளியில் ஊறப்போட்டு உலர்த்தாமல் தையல்காரரிடம் கொடுக்கமாட்டாள். பள்ளிக்கூடச் சட்டையை வாங்கும்போது பிள்ளை அதற்குள் நீந்துகிற மாதிரிதான் வாங்குவோம். முதல் சலவையில் அது வழிக்கு வந்துவிடும். சுருங்கும் என்பது எங்களுக்கு நூலைப் பற்றிய ஒரு செய்தி இல்லை. நூல் என்றாலே அதுதான். நானோ கணக்கு டீச்சர். ஒன்பதோடு இரண்டைக் கூட்டினால் பதினொன்று என்று போட்டுவிட்டு, பின்னியதைப் பிரித்து மறுபடி ஆரம்பித்தேன். ஆட்டு மயிருக்கும் பருத்திக்கும் ஒரே புத்திதானா என்று இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஸ்வெட்டர் முடிந்தபோது புரட்டாசி பிறந்துவிட்டது. பின்னி முடித்ததும் 'பிளாக்கிங்' என்று ஒரு வேலை இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி நீரை எடுத்து, தட்டையான இடத்தில் விரித்து, அளவு பார்த்து ஓரங்களில் குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். அப்போதுதான் கண்ணிகள் படிந்து சட்டைக்கு ஒரு வடிவம் வரும். பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் அதைச் செய்தேன். தண்ணீரிலிருந்து எடுத்தபோதே தெரிந்துவிட்டது. போட்டது ஒரு சட்டை, எடுத்தது வேறு சட்டை மாதிரி இருந்தது. மழை குடித்த கரிசலாய்க் கனத்து, தளர்ந்து, கைகள் இரண்டும் கீழே தொங்கின. காய்ந்தால் சுருங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மாடி அறைக் கட்டிலில் துண்டை விரித்து அதன்மேல் போட்டு, கைக்குக் கிடைத்த ஊசிகளைக் குத்திவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் தெருமுனையில் திரும்பும்போதே கண்ணில் பட்டது. எங்கள் மொட்டைமாடிக் கொடியில், தெருவே பார்க்க, கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு தோளிலும் இரண்டு கிளிப். பக்கத்தில் என் வீட்டுக்காரரின் லுங்கி.

மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறினேன். "இதை யாரு இங்கன மாட்டுனது?"

"நான்தான். ஈரத்துணியக் கொண்டுபோய் மெத்தையில போட்டிருக்க. வாடை வந்துராதா? இம்புட்டு வெயிலும் காத்தும் சும்மாதான போவுது?" அவர் முகத்தில், மனைவிக்கு ஒத்தாசை செய்த ஆளின் நிறைவு.

"ஐயோ, ஈரத்தோட தொங்கவிட்டா இழுத்துரும்ங்க!"

"சுருங்கும்ட்டி."

டேப்பை எடுத்து அளந்தோம். அகலம் பதிமூன்று. நீளத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. அவர் டேப்பை என் கையிலிருந்து வாங்கி, மறுமுனையிலிருந்து ஒருதடவை அளந்து பார்த்தார். அதுவும் பதிமூன்றுதான் காட்டியது. சுடுதண்ணீரில் போட்டால் சரியாகிவிடும் என்றார். அதற்குமுன் நூலைச் சுற்றி வந்த லேபிளைத் தேடி எடுத்து இப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். வாஷிங் மெஷினிலேயே துவைக்கலாம், எப்படித் துவைத்தாலும் சுருங்காதபடி பதம் செய்த நூல் என்று போட்டிருந்தது. அவர் அதை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். யாரோ அவரையே திட்டி எழுதியதுபோல் முகம் சுண்டிப்போயிற்று.

"சுருங்காத நூலும் ஒரு நூலா?" என்றார்.

"நம்ம ஊரு மண்ணே நனைஞ்சா பெருக்கும். அதைப் பாத்தாவது புத்தி வந்திருக்கணும் நமக்கு," என்றேன். அன்று ராத்திரி அவருக்கு இட்லிக்குச் சட்னி வைக்கவில்லை, பொடிதான் வைத்தேன். மறுநாள் அவர் ஆலையிலிருந்து வரும்போது ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கி வந்து, ஒன்றும் பேசாமல் என் பின்னல் கூடைக்குள் போட்டுவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கும் முறை அதுதான். நானும் எடுத்துத் தின்றேன்.

இனி ஒரே வழி, முழுதையும் பிரித்து முதலிலிருந்து சின்னதாகப் பின்ன வேண்டும். பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் உட்கார்ந்து, கழுத்துப் பக்கம் முடிச்சைத் தேடி அறுத்து, நூலை இழுக்க ஆரம்பித்தேன். பின்னும்போது ஒரு மாதமாக அடம் பிடித்த நூல், பிரிக்கும்போது சொல்பேச்சுக் கேட்டு ஓடி வந்தது. அதைப் பார்க்க எனக்கு அழுகை முட்டியது. இரண்டு வரிசை போயிருக்கும். தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

"என்னக்கா செய்யுத?"

"பிரிக்கேன். அளவு தப்பிப்போச்சு. அந்த டெல்லிப் பிள்ளைக்கு இது ரொம்பப் பெருசு."

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "டெல்லிப் பிள்ளைன்னு இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லப் போற?"

நான் நூலிலிருந்து தலையை நிமிர்த்தினேன்.

"அன்னைக்கு அத்தான் இதைக் கொடியில மாட்டிட்டு நேரா எங்கிட்டதான் வந்தாவ. 'ஒம் பிள்ளை சட்டைய மாடியில காயப் போட்டிருக்கேன், மழை கிழை வந்தா ஒரு சத்தம் கொடு'ன்னு சொல்லிட்டு, பேப்பர் படிக்கப் போயிட்டாவ."

நான் ஆவணி முழுக்கக் கட்டிக் காத்த ரகசியத்தை அந்த மனுஷர் ஒரு ஈரத்துணியைப்போல எடுத்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். எனக்குக் கோபத்தில் காது சூடாயிற்று. பயமாகவும் இருந்தது. ஒம் பிள்ளை என்று இவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாரே.

"நீ ஏன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல?"

"என்ன சொல்ல? அவிய சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிருச்சு. அதைப் பாக்கவே கூடாதுன்னுதான் கெடந்தேன். பிறகு முடியல. படியில ஒவ்வொண்ணா உக்காந்து உக்காந்து ஏறிப் போனேன்."

"மாசமா இருக்கவ மாடிப்படி ஏறுனியா?"

"திட்டாதக்கா, கேளு. நல்ல காத்து. சட்டைக்குள்ள காத்து பூந்து, கை ரெண்டும் பொடைச்சு, வயிறு உப்பிக்கிட்டு, அங்கன ஒரு பிள்ளை நிக்க மாதிரியே இருந்துச்சு. ரெண்டு, ரெண்டரை வயசு இருக்கும் அதுக்கு. கையத் தூக்குது, கீழ போடுது, திரும்புது. நான் தண்ணித் தொட்டியப் பிடிச்சிக்கிட்டு அப்படியே பாத்துட்டு நின்னேன்."

அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். என் கையில் நூல் பாதியில் நின்றது.

"பொறந்த பிள்ளைய என்னால நெனச்சுப் பாக்க முடியலக்கா. நெனைச்சா போன தடவை உள்ளதுதான் கண்ணுல வருது. அதான் நான் நெனைக்கதே இல்ல. ஆனா அன்னைக்கு ஓடுற பிள்ளையப் பாத்துட்டேன். அதை நீ பிரிக்காத."

எப்போதும் நாலு பேர் பேச்சைச் சேர்த்துப் பேசுகிறவள் நான். அன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு நூலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அந்தப் பாழாய்ப்போன பயம்தான் வாயில் வந்தது. "இல்லட்டி, முன்னாடியே புதுசு வச்சிருக்கக் கூடாதுன்னு..."

"இது என்ன பொறக்கப் போற பிள்ளைக்கா உள்ளது? ஓடுற பிள்ளைக்கு உள்ளது. இதை ஆகாதுன்னு யாரு சொல்லுவா?" என்றாள். பிறகு சிரித்தாள். ஒன்றரை வருடமாக நான் பார்க்காத சிரிப்பு அது. அப்பாவிடம் அடி வாங்காமல் தப்பிக்க என்னிடம் வழக்குப் பேசி ஜெயிக்கும் அந்தப் பழைய குட்டி.

பிரித்த இரண்டு வரிசையை அவள் பார்க்கப் பார்க்க மறுபடி பின்னி முடித்தேன். முடிச்சுப் போட்டு மீதி நூலை வெட்டியதும் அவள் ஸ்வெட்டரை வாங்கி, மடித்து, மூலையில் இருந்த பையை இழுத்து, ஜிப்பைத் திறந்து உள்ளே வைத்தாள். அந்தப் பைக்குள் முதலில் போனது அதுதான். சாயங்காலம் அவளாகவே என் வீட்டுக்காரரிடம், "அத்தான், பழைய வேட்டி ரெண்டு தாங்களேன்," என்று கேட்டாள். அவர் பழையதுக்குப் பதில் இருப்பதிலேயே நல்ல வேட்டிகளைத் துவைத்து, கொடியில் போட்டு, எடுத்து மடித்துக் கொடுத்தார். அவற்றை மாட்டியபோது கிளிப்பை நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஐப்பசியில், அடைமழையில் பிள்ளை பிறந்தது. பெண். அழுத அழுகையில் மழைச்சத்தமே கேட்கவில்லை என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். நர்ஸம்மா வெளியே வந்து பிள்ளையைச் சுற்றத் துணி கேட்டார்கள். படபடப்பில் நான் பைக்குள் கையை விட்டு இழுக்க, வேட்டியோடு கத்தரிப்பூ நிற ஸ்வெட்டரும் சேர்ந்து வந்துவிட்டது. நர்ஸம்மா அதை விரித்துப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு? மூத்த பிள்ளைக்கா?" என்று கேட்டார்கள். மூத்த பிள்ளை என்ற சொல் உள்ளே படுத்திருந்தவள் காதில் விழுந்திருக்குமே. கதவு திறந்துதான் இருந்தது.

உள்ளிருந்து, களைத்துப்போன குரலில், என் தங்கை சொன்னாள்: "அதுவும் இவளுக்குத்தான் சிஸ்டர். பிறகு போடுவா."

அவள் வாயால் 'பிறகு' என்று சொல்லிக் கேட்டதும் நான் அந்த வராந்தாவிலேயே, சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், ஓவென்று அழுதேன். என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் துழாவி, கசங்கிய கடலைமிட்டாய் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

அந்தக் கழுதைக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. குன்னூர்ச் சரிவில் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓடாத நாள் இல்லை. போன சித்திரையில் கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கியபோதும் அதைக் கழற்றமாட்டேன் என்று ஒரே ரகளை. பிளாட்பாரத்தில் நின்ற அத்தனை பேரும் எங்களைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். இப்போது கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது. வயிற்றுப் பக்கமும் பிடிக்கிறது. போன வாரம் தங்கை வீடியோவில் கூப்பிட்டு அதையெல்லாம் காட்டினாள்.

"அடுத்தது பின்ன ஆரம்பி அக்கா," என்றாள்.

"சரி. இப்போ உள்ள அளவை எடுத்து அனுப்பு."

"இப்போ உள்ளது எதுக்கு? அஞ்சு வயசுக்கு வச்சுப் பின்னு."

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் போனுக்குள் தலையை நீட்டினார். "அதுக்கும் ரெண்டு இஞ்ச் கூட விடச் சொல்லு."

விட்டிருக்கிறேன்.